இரண்டு முன்சீப்புகள்

மதத்தின் பிடி தளர்ந்த பிறகுதான் தமிழில் நவீன இலக்கியம் பிறந்தது என்றொரு வாக்கியம் நம்மிடையே வெகுநாளாகப் புழங்குகிறது. நானும் அதை எழுதியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல. எழுதுகிறபோது அது சரியாகவே தோன்றும். எந்தப் பிடி, யார் கையில் இருந்தது, எதன் மேல் இருந்தது என்று கேட்டுக்கொண்டதில்லை. சமீபத்தில் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தை மறுபடியும் படித்தபோது, அந்த வாக்கியத்தை அவ்வளவு சுலபமாக இனி எழுத முடியாது என்று பட்டது. அதனால்தான் இது.

'என் சரித்திரம்' 1940லிருந்து 1942ல் ஆசிரியர் இறக்கும்வரை ஆனந்த விகடனில் வந்த தொடர், 1950ல் புத்தகமானது. நம் நண்பர்கள் பலருக்கு அது ஏடு தேடி அலைந்த கதை, கரையானிடமிருந்து தமிழைப் பிடுங்கிய கதை. பண்டிதர்களுக்கோ குருபக்திக் கதை. இரண்டும் தப்பில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தின் அடித்தளம் வேறு என்று நினைக்கிறேன். ஒரு மடத்தின் நிழலில் தமிழ் படித்த ஒருவர் அந்த நிழலை விட்டு வெளியே வந்ததைப் பற்றிய புத்தகம் அது. வெளியே வந்தவரே அதை அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் புத்தகம் கெட்டிருக்கும்.

திருவாவடுதுறை ஆதீனம் அன்று என்னவாக இருந்தது என்பதை நாம் சரியாகக் கற்பனை செய்துகொள்வதில்லை. கோயில்கள், கட்டளைகள், கிராமங்கள், காறுபாறு, ஓதுவார், சமையல்கட்டு, புத்தகசாலை எல்லாம் சேர்ந்த ஒரு ராஜ்யம் அது. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) அதன் வித்வான். ஒரு தமிழ்ப் புலவன் சோற்றுக்கு ஜமீன்தாரிடம் போகவேண்டும். அல்லது மடத்திற்குப் போகவேண்டும். அங்கே போனாலும் கடன் விடாது என்பதைப் பிள்ளையவர்களின் கடைசி வருஷங்களைச் சொல்லும் பக்கங்களில் பார்க்கலாம். மடத்தின் ஆதரவை இன்று ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் அந்தப் பக்கங்களைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

பிள்ளையவர்கள் இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்கள் பாடினார். ஒரு பெருங்கவிஞனின் சக்தி ஊர் ஊராகப் போய் வீணானதாக நாம் இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. தலபுராணம் என்ன செய்கிறது? இந்தக் குளம் இன்னார் பாவம் தீர்த்தது, இந்த மரத்தடியில் இன்ன தேவன் பூஜித்தான், இந்த எல்லைக்குள் இறந்தவனுக்கு முக்தி என்று ஒரு நிலப்பரப்பைச் சுவாமி பேருக்கு எழுதிவைக்கிறது. அது ஒரு பட்டா. அதே காலத்தில் சர்க்காரும் பட்டா எழுதிக்கொண்டிருந்தது. 1858ல் சென்னை ராஜதானியில் இனாம் கமிஷன் ஏற்பட்டது. மானியம் அனுபவிக்கிறவர்கள் எந்த ஆதாரத்தில் அனுபவிக்கிறார்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. காட்டியதைப் பரிசீலித்து உரிமைப் பத்திரம் கொடுத்தார்கள். திருக்குளத்தின் மகிமை அங்கே செல்லாது. செப்பேடோ அனுபோகமோ வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் புதிதாகத் தலபுராணம் பாடச் சொல்லிக் கேட்ட காலமும் இந்தக் காலமும் ஒன்றாக இருப்பதை நான் ஒரு காரணகாரியமாக நிறுவப் போவதில்லை. ஆனால் ஒரு பத்திரம் செல்லாமல் போகிறபோதுதான் அதை இன்னும் அழகாக எழுதத் தோன்றும் போலிருக்கிறது.

இனி முன்சீப்புகள்.

முதல்வர் மாயவரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). கிறிஸ்தவர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயவரம் என்று முன்சீப்பாக இருந்தவர். மாயவரத்தின் ஓரத்தில்தான் தருமபுரம். கொஞ்ச தூரம் போனால் திருவாவடுதுறை. இரண்டு ஆதீனங்களின் நிலமும் வழக்கும் சூழ்ந்த ஊரில் உரிமையியல் நீதிபதி. 1862ல் அவர் 'சித்தாந்த சங்கிரகம்' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். பெயரைக் கேட்டால் சைவ சாஸ்திரம் என்று தோன்றும். அது சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளின் தமிழ்ச் சுருக்கம். சித்தாந்தம் என்கிற வார்த்தை மடத்தில் இருந்து கோர்ட்டுக்குக் குடிபெயர்ந்ததற்கு இதைவிடத் துலக்கமான சாட்சியம் எனக்குத் தெரியாது. அவர் கேலியாக அந்தப் பெயரை வைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. முடிந்த முடிபு எங்கே கிடைக்கிறதோ அதுதானே சித்தாந்தம்?

1879ல் இவர்தான் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டார். தமிழின் முதல் நாவல். தரம் பற்றி எனக்கு மாயைகள் கிடையாது. கதை ஓடாது, உபதேசம் ஓடும், க. நா. சு. வழியில் வளர்ந்தவர்களுக்கு அதை முழுதாகப் படிப்பது ஒரு தவம். ஆனால் அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஞானாம்பாள் ஆண் வேஷத்தில் விக்கிரமபுரியின் ஆட்சிக்கு வந்து நியாயம் வழங்குகிறாள். மனிதர்களுக்கிடையே எது சரி என்று கடைசியாகச் சொல்லும் ஸ்தானத்தில் அங்கே குரு இல்லை, சன்னிதானம் இல்லை; விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிற ஒரு பெண் இருக்கிறாள். 1859லேயே அவர் 'நீதி நூல்' எழுதியாயிற்று. பிறகு 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'. சமரசம் என்றால் நாம் உடனே வள்ளலார், தாயுமானவர் என்று ஆன்மீகத்திற்குப் போய்விடுகிறோம். வேதநாயகம் பிள்ளையின் சமரசத்தில் கோர்ட்டு மண்டபத்தின் வாசனை அடிக்கிறது. முன்சீப்பின் மேஜைக்கு முன்னால் எந்தச் சமயமும் ஒரு கட்சிக்காரர். யாருக்கும் தனி ஆசனம் இல்லை.

இதில் சிநேகமும் இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நான் சித்திரத்தை மொட்டையாக்கினவனாவேன். மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்தக் கிறிஸ்தவ முன்சீப்பின் பேரில் 'குளத்தூர்க் கோவை' பாடினார். முன்சீப் திருவாவடுதுறை சுப்பிரமணிய தேசிகரைப் புகழ்ந்து செய்யுள் செய்தார். மடத்துக் கவி நீதிபதியைப் பாடுகிறார். நீதிபதி மடாதிபதியைப் பாடுகிறார். யாப்பு இருவருக்கும் பொது. யாருடைய காலம் முடிகிறது என்பது பாட்டில் தெரியவில்லை. பாட்டில் தெரியாமலிருப்பதுதான் அந்தக் காலத்துச் செய்யுளின் பலஹீனம் என்று எனக்குப் படுகிறது.

இரண்டாவது முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்; அதனாலேயே அதைப் படிப்பதை நாம் நிறுத்திவிட்டோம். 1880 பிப்ரவரியில் தியாகராச செட்டியாரின் முயற்சியால் சாமிநாதையருக்குக் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதர் வேலை. மடத்தை விட்டுச் சர்க்கார் சம்பளம். தேசிகருக்கு அனுப்ப மனசில்லை, அனுப்பினார். அவ்வருஷம் அக்டோபர் 21ந் தேதி புதிதாக வந்திருக்கும் முன்சீப்பைப் பார்க்க ஐயர் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்கிறார் முன்சீப். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று அடுக்குகிறார். அடுக்க அடுக்க முன்சீப்பின் முகத்தில் ஒன்றும் நிகழவில்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்கிறார். பழைய நூல்கள் படித்ததுண்டா, சிந்தாமணி படித்ததுண்டா?

மேடைகளில் இந்தக் காட்சியைத் தமிழ் விழித்துக்கொண்ட நேரமாகச் சொல்கிறார்கள். அங்கே நடந்ததைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கலாம். ஐயர் அடுக்கியது மடத்துச் சொத்துப் பட்டியல். ஒவ்வொன்றும் ஒரு தலத்திற்கோ, ஒரு மூர்த்திக்கோ, ஒரு சன்னிதானத்திற்கோ உரியது. பத்தியின் விளைச்சல், ஆதரவின் விளைச்சல். அதைக் கேட்டவர் தினமும் உரிமை வழக்குகளைக் கேட்பவர். வாதி தரப்புச் சான்றாவணங்களைப் பார்த்துவிட்டு இவை போதா, மூல ஆவணம் எங்கே என்று கேட்கிற தொனி அதில் இருக்கிறது. கேட்ட ஆவணமோ ஒரு ஜைன காவியம். எந்தச் சைவ மடத்தின் உரிமைக்கும் சம்பந்தமில்லாதது. சொல்லப்போனால் எதிர்க்கட்சி ஆவணம்.

ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். அன்று இங்கிலீஷ் படித்தவனுக்கு முன்சீப், வக்கீல், வாத்தியார் என்பவை தவிர வேறு என்ன உத்தியோகம் இருந்தது, நீர் தற்செயலைத் தத்துவமாக்குகிறீர் என்றார். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உத்தியோகம் மனிதனுக்கு ஒரு இருக்கையைத் தருகிறது, இருக்கை ஒரு பார்வையைத் தருகிறது. 1887ல் சீவகசிந்தாமணி ஐயர் பதிப்பில் வந்தது. அதே வருஷம் கலித்தொகையைப் பதிப்பித்த யாழ்ப்பாணத்துத் தாமோதரம் பிள்ளை கும்பகோணத்தில் வக்கீலாக இருந்து புதுக்கோட்டையில் நீதிபதியானவர். பிரதிகளை ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து, எது மூலம் எது இடைச்செருகல் என்று தீர்மானிக்கிற இந்தப் பழக்கம் மடத்துப் பாடம் சொல்லும் முறையில் பிரதானமாக இல்லை. அங்கே பாட்டு குரு வாயிலிருந்து வருகிறது. குரு சொன்னதே பாடம். பாட்டைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவது வேறு உலகத்துக் காரியம்.

ஆனால் மறுபாதியையும் சொல்லவேண்டும். சிந்தாமணி ஏடு மடத்திலும் இருந்தது. ஐயர் பிறகு தேடிய பழந்தமிழ் ஏடுகளுக்கும் திருவாவடுதுறைப் புத்தகசாலை உதவியது. தேசிகர் கேட்ட ஏட்டைக் கொடுத்தார். சைவர் ஒருவர் சமண நூலை அச்சிடலாமா என்று வெளியே முணுமுணுப்பு இருந்தபோது அவர் அந்த முணுமுணுப்பில் சேரவில்லை. அதாவது மடம் ஏட்டை அழிக்கவில்லை. வைத்திருந்தது, படிக்கவில்லை. ஏராளமாக நிலம் வைத்திருப்பவனிடம் கொஞ்சம் தரிசும் இருப்பது போல. ஜைன மதத்துச் சொல்லுக்குப் பொருள் தெரிய ஐயர் கும்பகோணத்து ஜைனர் வீட்டுத் திண்ணைக்குத்தான் போகவேண்டியிருந்தது. ஒரு சைவப் பிராமண வித்வான் ஜைன வணிகர்களிடம் பாடம் கேட்டது, என் மதிப்பீட்டில், கோர்ட்டுச் சட்டங்கள் எல்லாம் சேர்ந்து செய்ததைவிடப் பெரிய உடைப்பு.

ஆக, பிடி தளர்ந்தது என்றால் முதலில் தளர்ந்தது பாட்டின் மேல் இருந்த பிடி. நிலத்தின் மேல் இருந்த பிடி தளரவில்லை. கை மாறியது. அந்தக் கதை சலிப்பானது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1817ன் 7வது ரெகுலேஷன் கோயில் சொத்துகளை வருவாய் போர்டின் மேற்பார்வையில் வைத்தது. விக்கிரக ஆராதனைக்குக் கம்பெனி காவலா என்று பாதிரிமார்கள் கூச்சல் போட, 1840களில் கம்பெனி கையை உதறிக்கொண்டது. 1863ன் 20வது சட்டம் கமிட்டிகளிடம் விட்டது. 1920களில் பனகல் ராஜாவின் மந்திரிசபை அறநிலைய போர்டைக் கொண்டுவந்தது. 1927ல் சட்டம் நிலைபெற்றது. 1951ல் போர்டு போய்த் துறை வந்தது. 1954ல் உடுப்பி ஷிரூர் மடத்து வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அதன் சில பிரிவுகளை ரத்து செய்தது. 1959ல் புதுச் சட்டம். இன்று துறையின் ஆளுகையில் உள்ள கோயில், மட நிலங்கள் ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது.

இந்தச் சட்டங்கள் நடுவே ஒரு விசித்திரப் பிறவி நடந்திருக்கிறது. இலக்கியக்காரர்களாகிய நாம் கவனித்திருக்கவேண்டியது அதைத்தான். 1921ல் லண்டன் ப்ரிவி கவுன்சில், மடாதிபதி இங்கிலீஷ் சட்டப் பொருளில் தர்மகர்த்தா அல்ல என்றது. 1925ல் கல்கத்தாக் குடும்பமொன்றின் விக்கிரகம் சம்பந்தமான வழக்கில், விக்கிரகம் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர், அதன் விருப்பத்தையும் கேட்கவேண்டும் என்றது. சுவாமிக்குச் சொத்து உண்டு, வழக்குப் போடலாம், அதன்மேல் வழக்குப் போடலாம். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாததால் மைனரைப் போல நடத்தவேண்டும். வயசு வராத மைனர். ஆயிரம் வருஷம் பாடின நாயன்மார்களும் ஆழ்வார்களும் கடவுளைக் குழந்தையாக்கியிருக்கிறார்கள். இப்படி ஒரு குழந்தையாக்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

புதுமைப்பித்தன் 1943ல் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எழுதினார். சென்னையில் வந்து இறங்கும் அந்தக் கடவுளிடம் சொத்து கிடையாது. பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறார், ஆடிப் பார்க்கிறார், பிழைக்கத் தெரியாமல் திரும்பிப் போகிறார். நம் நவீன எழுத்தின் கடவுள்களில் ஆகச் சிறந்தவர் அவர்தான். அந்தக் கதையில் மதம் அடைந்திருக்கும் இளைப்பை வேறு யாரும் தொடவில்லை. ஆனால் அதே வருஷத்தில் அதே கடவுள் தஞ்சாவூர் ஜில்லாவில் பெரிய மிராசுதார். புதுமைப்பித்தன் பார்க்கத் தவறினார் என்று சொல்லவில்லை, அவர் கதைக்கு அது வேண்டியதில்லை. அவருக்குப் பின் வந்தவர்களைப் பற்றித்தான் என் பேச்சு. மௌனியின் 'அழியாச்சுட'ரில் கோயில் ஒரு இருட்டு, ஒரு தரிசனம். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தா'ளில் (1966) காவிரிக்கரை வேத பாடசாலை. அலங்காரம் மகனை வேதத்திற்குக் கொடுத்துத் தன் கணக்கைத் தீர்க்கப் பார்க்கிறாள். தீரவில்லை, காசிக்குப் போகிறாள். அவளைச் சாதியை விட்டுத் தள்ள அந்த நாவலில் ஒரு ஆசார்யன் வரவில்லை, ஒரு சபை கூடவில்லை. தண்டபாணி தெரிந்துகொண்டு சும்மா இருக்கிறார். சமூகத்தின் மேல் மதத்தின் பிடி விட்டுப்போனதை தமிழில் அவ்வளவு நிசப்தமாக எழுதியவர் வேறு இல்லை. தண்டிக்க வேண்டியவர்கள் யாரும் வராததனாலேயே அலங்காரத்தின் தண்டனை முடிவில்லாமல் போகிறது.

ஆனால் குத்தகைதாரன்? நான் படித்த அளவில், நம்முடைய நல்ல எழுத்தில் கோயில் ஒரு நிலச்சுவான்தாராக வருவது மிக அபூர்வம். முற்போக்கு முகாமினர் மிராசுதாரைத் திட்டி எழுதினார்கள். அந்த மிராசுதார்கள் மனிதர்கள். திட்டுவதற்கு மீசையும் வயிறும் இருந்தன. 1961 நில உச்சவரம்புச் சட்டம் மிராசுதாருக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது, 1970ல் அது 15 ஆயிற்று. மதம் சார்ந்த பொது அறக்கட்டளைகளுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு. மனிதனுக்கு எல்லை வைத்த அதே சட்டம் சுவாமியின் விஷயத்தில் ஒதுங்கி நின்றது. இதை எழுத மீசை வைத்த வில்லன் உதவமாட்டான். அதனால்தான் எழுதப்படவில்லையோ என்னவோ.

எனக்கு இது வீட்டு விஷயமும்கூட. என் தாத்தா ஒரு கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் செய்தார். ஊர்ப் பேரும் கோயில் பேரும் வேண்டாம். இரண்டு போகம் தவறின ஒரு சமயம் குத்தகை பாக்கி நின்று ரெவின்யூ கோர்ட்டில் வழக்கு வந்தது. சம்மனை வாங்கிப் படித்துச் சொன்னவன் நான், எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். வாதி என்ற இடத்தில் எங்கள் ஊர்ச் சுவாமியின் முழுத் திருநாமம், அருள்மிகு முதலாக. கீழே, நிர்வாக அதிகாரி மூலமாக என்று. பிரதிவாதி என்ற இடத்தில் தாத்தா, தகப்பனார் பேரோடு, வயசோடு. நான் இரண்டு தடவை படித்தேன். சுவாமியா நம்ம மேல கேஸ் போட்டிருக்கு என்று கேட்டேன். அவர் போடலைடா, அவர் பேர்ல போட்டிருக்கான் என்றார் தாத்தா. அன்று சாயங்காலம் வழக்கம்போல அர்த்தஜாமத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். வாதியை நேருக்கு நேர் பார்த்தேன். தாத்தா கண்ணை மூடி நின்றிருந்தார்.

ப்ரிவி கவுன்சில் சொன்னதைத் தாத்தா ஏற்கவில்லை என்று இப்போது புரிகிறது. அவருடைய சுவாமி சட்ட நபர் அல்ல. அந்த நபர் வேறு யாரோ, டவுனில் ஆபீஸ் வைத்திருக்கிற ஒருவர். சுவாமியையும் சொத்தையும் அவர் பிரித்துவிட்டார், எந்தச் சட்டமும் பிரிப்பதற்கு முன்னால். மதத்தின் பிடி தளர்ந்தது என்று நாம் எழுதுகிறபோது இந்தப் பிரிவினையைத்தான் சொல்கிறோமா? பக்தி குறையாத ஒரு கிழவர் வாதியாகிய சுவாமியை நம்பவில்லை. பக்தியே இல்லாத ஒரு ஆபீஸ் அந்தச் சுவாமியை அசைக்க முடியாதபடி நம்புகிறது. யார் மதத்திலிருந்து வெளியே வந்தவர்? ஆழ்ந்த நாவல் ஒன்று இந்த இடத்தில் ஆரம்பிக்கலாம். எழுதக்கூடியவன் நான் இல்லை. விமர்சனம் எழுதுகிறவனுக்கு அந்தக் கை வாய்ப்பதில்லை.

வழக்கு பாக்கியைத் தவணையில் கட்டுவதாக முடிந்தது. ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கொடுத்தார்கள். தாத்தா அவற்றை ஒரு நூலில் கட்டி, பூஜை அலமாரியில் சுவாமி படத்திற்குப் பின்னால் வைத்திருந்தார். அங்கேதான் யாரும் எடுக்கமாட்டார்கள் என்றார்.